பந்தயப் பதிவுகள் யாருக்குப் பாத்தியம்?

1983-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் கபில் தேவ் அடித்த 175 ஓட்டங்களை இன்று நாம் காண வழியில்லை. ஸிம்பாப்வே கோஷ்டியை எதிர்த்து ஆடிய நம்மவர் 17 ஓட்டங்களுக்குள் ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்தனர். அவ்வேளையில் கோஷ்டித் தலைவர் களத்தில் நின்று, கடைசியில் கிர்மானியைத் துணைக்கொண்டு, 138 பந்துகளில் அத்தொகையை எடுத்து, 266 என்னும் கரைக்குக் கோஷ்டியைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நம்மவர் 31 ஓட்டங்களில் வென்றனர். ஒரு வாரங்கழித்து உலகக் கோப்பையும் நம் கைக்கு வந்தது. ஆனால் பி.பி.ஸி. நிறுவனத்தாரின் காமிராக்கள் அன்று அம்மைதானத்திற்கு வரவில்லை. ஆகையால் அவ்வாட்டம் பார்த்தவர் நினைவிலும், ஸ்கோர்ப் புஸ்தகத்திலும், சில நிழற்படங்களிலும் மட்டுமே உயிர் வாழ்கிறது. 2021-ம் வருஷத்தில் வெளிவந்த ஸினிமாப் படம் ஒன்றில் நடிகர்களைக் கொண்டு அதை மறுபடியும் ஆடிக் காட்ட வேண்டியதாயிற்று.

படம் பிடிக்கப்படாததற்காக அழுவதில் பயனில்லை. நாம் இன்று எழுத முற்படும் விஷயம் வேறு. படம் பிடிக்கப்பட்டு, ஆகாயத்தின் வழியே கோடி வீடுகளுக்கு வந்து சேர்ந்து, பிறகு அனுப்பியவர்களாலேயே அழிக்கப்பட்ட பந்தயங்கள் பல. அவற்றுள் சில, எவரோ ஒரு சாமானிய மனிதர் தம் வீட்டில் பதிந்து வைத்திருந்த காரணத்தால் பிழைத்திருக்கின்றன. அவ்வாறு காப்பாற்றியவருக்கு நன்றி செலுத்துவதை விட்டு, அவரைத் திருடர் என்று சொல்லும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகிறது. அந்த வழக்கு நியாயமானதா என்பதே கேள்வி.

அமெரிக்க தேசத்தாரின் கால்பந்து என்பது நாம் அறிந்த, காலால் உதைக்கும் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடும் முரட்டு விளையாட்டு அது. அதன் மகா பந்தயமாகிய ஸூப்பர் பௌல் முதன்முதலாக 1967-ம் வருஷம் ஜனவரி மாதம் 15-ந் தேதி லாஸ் ஏஞ்ஜலீஸ் நகரில் நடைபெற்றது. கிரீன் பே கோஷ்டியார் 35-க்கு 10 என்ற கணக்கில் கான்ஸாஸ் ஸிட்டி கோஷ்டியாரை வென்றனர். ஸி.பி.எஸ்., என்.பி.ஸி. என்னும் இரண்டு பெரிய கம்பெனிகள் ஏககாலத்தில் அதை ஒளிபரப்பின. இவ்விரண்டில் ஒன்றாவது முழுப் பதிவைப் பத்திரப்படுத்தியதா என்றால், இல்லை. அந்நாளில் இரண்டங்குல அகலமுள்ள காந்த நாடா விலையுயர்ந்த சரக்கு. ஒரு நிகழ்ச்சியை அழித்துவிட்டு அதன்மேல் மற்றொன்றைப் பதிவது கம்பெனிகளின் சாதாரண வழக்கம். இன்று அமெரிக்கர்கள் ஒரு தேசியத் திருவிழாவைப் போலக் கொண்டாடும் பந்தயத்தின் முதல் ஆட்டம் இவ்வாறு ஒழிந்துபோயிற்று.

ஆயினும் முற்றிலும் ஒழியவில்லை. பென்ஸில்வேனியா மாகாணத்தில் ஸ்கிரான்டன் நகரத்து டெலிவிஷன் நிலையம் ஒன்றின் யந்திரத்தில் அங்கு வேலை பார்த்த ஒருவர் அதைப் பதிந்து, நாடாக்களை வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். குழந்தைகளின் படிப்புச் செலவுக்கு ஒருநாள் இது உதவக்கூடும் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு அவர் காலமானார். பரணில் பல்லாண்டு கிடந்த அந்நாடாக்கள் 2005-ம் வருஷத்தை ஒட்டி வெளிப்பட்டு, நியூயார்க் நகரத்துப் பேலி ஸ்தாபனத்தாரால் செப்பனிடப்பட்டன. இடைவேளைக் காட்சியும் மூன்றாம் பகுதியில் ஒரு பாகமும் இல்லை, மற்றவை இருந்தன. விளையாட்டுப் பத்திரிகை ஒன்று அதற்குப் பத்து லக்ஷம் டாலருக்கு மேல் மதிப்புக் கூறியது. லீக் சங்கத்தாரோ, 30,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். மகன் அதற்கு இணங்கவில்லை. நாடாவைப் பிறருக்கு விற்றால் வழக்குத் தொடருவோம் என்று சங்கத்தார் எச்சரித்த செய்தி 2016-ம் வருஷத்தில் அமெரிக்கப் பத்திரிகைகளில் வெளியாயிற்று.

சட்டம் படித்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. ஒருவர் உமக்கு எழுதிய கடிதத்தின் காகிதம் உம்முடையது. அதில் உள்ள வாசகம் எழுதியவருடையது. காகிதத்தை நீர் பெட்டியில் பூட்டலாம், அடுப்பில் போடலாம், ஆனால் அச்சிட்டு விற்க உமக்குப் பாத்தியமில்லை. நாடாவின் கதையும் அதுவே. ஸ்கிரான்டன் குடும்பத்தாருக்கு நாடா சொந்தம். அதில் அடங்கிய காட்சி லீக் சங்கத்தாருக்குச் சொந்தம். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் உலகத்தார் எவரும் அதைப் பார்க்க இயலாது. சட்டம் சரியாகவே இருக்கிறது, பயன்தான் சூனியம். காட்சியைப் பறிகொடுத்தவர்களுக்கு அதன்மேல் முழு அதிகாரமும், காப்பாற்றியவருக்கு ஒன்றுமில்லை என்ற நிலையும் எந்த நீதியில் சேரும்? கால்நடையைக் காட்டில் துரத்திவிட்டவன், வேறொருவன் அதைத் தண்ணீர் காட்டி வளர்த்த பிறகு வந்து, கயிற்றைக் கொடு என்று கேட்டால், நம் கிராமத்துப் பஞ்சாயத்தார் வளர்த்த கூலியையாவது முதலில் எடுத்து வை என்பார்கள்.

சண்டை இல்லாமல் முடிந்த கதையும் உண்டு. பாடகரும் நடிகருமாகிய பிங் கிராஸ்பி, பிட்ஸ்பர்க் நகரத்துப் பேஸ்பால் கோஷ்டியின் பங்குதாரர்களில் ஒருவர். 1960-ம் வருஷம் அக்டோபர் மாதம் 13-ந் தேதி அக்கோஷ்டி நியூயார்க் யாங்கீஸ் கோஷ்டியை எதிர்த்து வருஷாந்திரச் சாம்பியன் பந்தயத்தின் ஏழாவதும் கடைசியுமான ஆட்டத்தை ஆட வேண்டியிருந்தது. படபடப்பைத் தாங்கமாட்டாமல் கிராஸ்பி பாரிஸ் நகருக்குப் போய்விட்டார். போகுமுன், டெலிவிஷன் திரையையே ஸினிமாக் காமிராவால் படம் பிடிக்கும் கினெஸ்கோப் முறையில் ஆட்டத்தைப் பதிந்து வைக்க ஏற்பாடு செய்தார். மஸெராஸ்கி என்பவர் கடைசி முறையில் அடித்த அடியால் பிட்ஸ்பர்க் 10-க்கு 9 என்று வென்றது. ஒளிபரப்பிய கம்பெனியிடம் அப்பதிவு நிலைக்கவில்லை. கிராஸ்பி 1977-ம் வருஷத்தில் இறந்தார். 2009-ம் வருஷம் டிசம்பரில் கலிபோர்னியாவில் அவர் வீட்டின் திராக்ஷை மது வைக்கும் நிலவறையில் ஐந்து சுருள்கள் அகப்பட்டன. ஒரு வருஷத்துக்குப் பிறகு ஆட்டம் முழுவதும் டெலிவிஷனில் காட்டப்பட்டது. ஆடியவர்களில் உயிரோடிருந்த சிலரும் தங்கள் வாலிபத்தை அப்போது மறுபடி பார்த்தார்கள். நிலவறையின் குளிர்ச்சியும் வறட்சியும் பிலிமைக் காத்தன. செல்வரின் வீட்டில் மதுவுக்குச் செய்த ஏற்பாடு சரித்திரத்துக்கு உதவியது.

படம் பிடிக்கப்படாத ஆட்டத்திலும் வீட்டுப் பதிவு உதவியதுண்டு. 1962-ம் வருஷத்தில் வில்ட் சேம்பர்லின் என்னும் கூடைப்பந்து வீரர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். அதற்கு டெலிவிஷன் படம் இல்லை. இரவில் ரேடியோவில் மறு ஒலிபரப்பானதைக் கல்லூரி மாணவர் ஒருவர் பதிந்திருந்ததால், கடைசிப் பகுதியின் வர்ணனை கிடைத்தது. 2016-ம் வருஷத்தில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தார் அதைத் தேசியப் பதிவுகளின் ஜாபிதாவில் சேர்த்தார்கள்.

சாமானியக் குடும்பங்களுக்குப் பதியும் வசதி 1975, 1976-ம் வருஷங்களில் ஜப்பானியர் பீட்டாமாக்ஸ், வி.எச்.எஸ். என்னும் காஸெட் யந்திரங்களைக் கடைக்குக் கொண்டுவந்த பிறகே ஏற்பட்டது. உடனே ஸினிமாக் கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. யந்திரம் செய்த ஸோனி கம்பெனியார் பிறரைத் திருடத் தூண்டுகிறார்கள் என்பது வாதம். 1984-ம் வருஷம் ஜனவரி 17-ந் தேதி அமெரிக்க ஸுப்ரீம் கோர்ட்டார், ஐவர் ஒரு பக்கமும் நால்வர் மறுபக்கமுமாக, ஒளிபரப்பான வேளையில் பார்க்க முடியாததைப் பதிந்து பிறகு வீட்டில் பார்ப்பது குற்றமன்று என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவ்வழக்கில் பேஸ்பால், கால்பந்து, கூடைப்பந்து, ஹாக்கி ஆகிய லீக் சங்கங்களின் பிரதிநிதிகள் சாக்ஷிக் கூண்டில் ஏறி, வீட்டில் பதிவதில் எங்களுக்கு ஆட்சேபமில்லை என்று சொன்னதை நீதிபதிகள் ஸோனி கம்பெனிக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். அன்று ஆட்சேபமில்லை என்றவர்களின் வாரிசுகளே இன்று பரணில் கிடந்த நாடாவுக்கு நோட்டீஸ் விடுகிறார்கள். ஒன்றை மட்டும் மறைக்கக்கூடாது. பதிந்ததைப் பார்த்துவிட்டு அழிப்பதைப் பற்றியே அத்தீர்ப்பு முக்கியமாகப் பேசிற்று. வருஷக்கணக்கில் அடுக்கி நூலகம்போல் வைத்துக்கொள்வதும், பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுப்பதும் சரியா என்பதை அது தீர்க்கவில்லை. அந்தச் சந்தேகம் இன்றும் உலகை ஆட்டுகிறது.

நம் தேசத்துக்கு வருவோம். சென்னையில் டெலிவிஷன் நிலையம் 1975-ம் வருஷம் ஆகஸ்ட் 15-ந் தேதி ஆரம்பமாயிற்று. 1982-ம் வருஷத்து ஆசிய விளையாட்டுப் பந்தயங்களோடு வர்ணக் காட்சி வந்தது. அதன் பிறகே மத்தியதர வகுப்பார் வீடுகளில் வீடியோ யந்திரம் நுழைந்தது. வெளிதேசத்தில் உத்தியோகம் பார்த்த மாப்பிள்ளையோ மைத்துனரோ கொண்டுவந்ததே பெரும்பாலும். ஞாயிற்றுக்கிழமை இதிகாசத் தொடர்களைப் பதிந்தவர்கள் அநேகர். கிரிக்கெட் பதிந்தவர்கள் அவர்களுக்குக் குறைந்தவரல்லர். 1986-ம் வருஷம் செப்டம்பர் மாதம் சேப்பாக்கத்தில் டீன் ஜோன்ஸ் வெயிலில் வாடி வதங்கி எடுத்த 210 ஓட்டங்களையும், 348 வேண்டிய இடத்தில் 347-ல் நம்மவர் கடைசி விக்கெட்டை இழந்து சரிசமமாக முடிந்த அந்த ஐந்தாம் நாளையும், பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பொத்தானை அமுக்கிப் பதிந்தவர்கள் இருந்திருப்பார்கள். டெஸ்ட் ஆட்டங்களின் சரித்திரத்தில் அவ்வாறு சரிசமமாக முடிந்தவை இரண்டே. முதலாவது 1960-ம் வருஷத்தில் பிரிஸ்பேன் நகரிலும், இரண்டாவது நம் சேப்பாக்கத்திலும் நிகழ்ந்தன.

அத்தகைய வீட்டு நாடாவின் மதிப்பு எதில் இருக்கிறதென்று பலர் அறியார். கம்பெனிகள் வைத்திருப்பது பெரும்பாலும் பொறுக்கி எடுத்த காட்சி: ஆறு அடித்தது, விக்கெட் விழுந்தது, கோப்பை வாங்கியது. சாப்பாட்டில் நெய்யையும் பாயசத்தையும் மட்டும் எடுத்து வைத்தாற்போல. ஒரு மணி நேரம் ஓட்டமே இல்லாமல் பந்தைத் தடுத்துக்கொண்டிருந்தவனின் பொறுமையை அதில் காண முடியாது. வீட்டு நாடாவிலோ எல்லாம் இருக்கும். சோப்பு விளம்பரம், ஏழு மணிச் செய்தி, வர்ணனையாளரின் தடுமாற்றம், சிக்னல் அறுந்தவுடன் சென்னை நிலையத்தார் மாட்டிவிடும் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்னும் பலகை, எல்லாம். அக்காலத்து ஜனங்கள் ஓர் ஆட்டத்தை எப்படிப் பார்த்தார்களோ அப்படியே அது இருக்கிறது. விளையாட்டின் சரித்திரம் எழுத விரும்புகிறவனுக்கு அந்தப் பலகையும் ஓர் ஆதாரமே.

1999-ம் வருஷம் ஜனவரி மாதம் 31-ந் தேதியை நினைவில் வைத்திருப்போர் நம் நேயர்களில் பலர் இருப்பர். அன்று சேப்பாக்கத்தில் டெண்டுல்கர் முதுகு வலியோடு 136 ஓட்டங்கள் எடுத்தும் நம்மவர் 12 ஓட்டங்களில் பாகிஸ்தானியரிடம் தோற்றனர். தோல்வியின் துக்கம் தொண்டையை அடைத்த நேரத்திலும் மைதானத்தில் இருந்த ஜனங்கள் எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றிவந்த பாகிஸ்தான் வீரர்களுக்குக் கரகோஷம் செய்தார்கள். தேசபக்தி என்றால் அயலானை வசைபாடுவது என்று எண்ணும் இளைஞர்களுக்கு, நூறு பிரசங்கங்களைவிட அந்தச் சில நிமிஷங்களின் காட்சி நல்ல பாடமாகும். அது நம் ஊரின் ஆஸ்தி. அதைப் பதிந்து வைத்திருப்பவர் அதை வெளியே காட்டலாமா கூடாதா என்று சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது அவசியமாகிறது.

நம் தேசத்தில் 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தின் 37-வது பிரிவு, ஒளிபரப்பும் நிறுவனத்தாருக்குத் தம் ஒளிபரப்பின்மேல் தனி உரிமை ஒன்று தருகிறது. அனுமதியின்றி மறு ஒளிபரப்புச் செய்வது, கட்டணம் வாங்கிப் பொதுஜனங்களுக்குக் காட்டுவது, பதிவது, அனுமதியில்லாப் பதிவிலிருந்து பிரதி எடுப்பது, விற்பது, வாடகைக்கு விடுவது ஆகியவை குற்றம். இதைப் படித்தவுடன் பயந்துவிட வேண்டாம். இரண்டு பிரிவு தள்ளி 39-வது பிரிவு இருக்கிறது. பதிகிறவர் தம் சொந்த உபயோகத்துக்காகப் பதிவதும், யோக்கியமான போதனைக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ பதிவதும் உரிமை மீறல் ஆகா என்று அது தெளிவாகச் சொல்லுகிறது. ஆகவே, நம் வீடுகளில் பதியப்பட்ட காஸெட்டுகள் திருட்டுச் சொத்தல்ல. சட்டமறிந்த பாவனையில் பேசும் சிலர் இதைக்கூட மறுப்பதைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் சட்டத்தைப் பாதியில் மூடிவைத்தவர்கள்.

இன்னும் ஒரு விசேஷம் உண்டு. அந்தத் தனி உரிமை நித்தியமானதன்று. ஒளிபரப்பு நடந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்தின் தொடக்கத்திலிருந்து 25 வருஷமே அதற்கு ஆயுள். 1983-ம் வருஷத்து உலகக் கோப்பை ஒளிபரப்பின்மேல் இருந்த உரிமை 2008-ம் வருஷ முடிவில் தீர்ந்தது. சேப்பாக்கத்துச் சரிசமம் 2011-ம் வருஷ முடிவில் விடுபட்டது. மேலே சொன்ன 1999-ம் வருஷத்துக் கரகோஷமும் 2024-ம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதியோடு விடுதலை பெற்றது. ஆனால் உரிமையாளரின் வக்கீல்கள் இத்துடன் ஓயமாட்டார்கள். ஒளிபரப்பு வேறு, ஸினிமாட்டோகிராப் படம் வேறு, பதிந்த காட்சி ஒரு படமாகும், படத்துக்கு 60 வருஷ உரிமை உண்டு என்பார்கள். அந்த வாதம் நிற்குமானால் 25 வருஷம் என்று சட்டசபையார் எழுதியதற்குப் பொருளே இல்லாமற் போகும். முன்வாசலில் கதவைத் திறந்துவிட்டுக் கொல்லைவாசலில் பூட்டுப் போடும் இந்த அவலத்தைப் பார்லிமெண்டார் தெளிவுபடுத்துவது கடமை. அதுவரை எளியவன் வழக்குச் செலவுக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டிருப்பான். வழக்கில் தோற்பதைவிட வழக்கு நடத்துவதே அவனுக்குத் தண்டனை.

எதிர்க்கக்ஷியாரின் நியாயத்தையும் கேட்போம். பந்தயங்களை ஒளிபரப்ப அவர்கள் பெருந்தொகை கொடுக்கிறார்கள். 2022-ம் வருஷம் ஜூன் மாதத்தில் ஐ.பி.எல். பந்தயங்களின் ஐந்து வருஷத்து ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. அவ்வளவு பணம் போட்டவர், ஆட்டம் நடக்கும்போதே வேறொருவன் அதைக் களவாகக் காட்டினால் சும்மா இருப்பாரா? இருக்கக்கூடாது. அவ்வாறு காட்டுபவனுக்காக நாம் ஒரு வரியும் எழுதமாட்டோம். நேற்றைய ஆட்டத்தைப் பிரதி எடுத்துப் பத்து ரூபாய்க்கு விற்பவனும் அவனுடைய கூட்டாளியே. ஆனால் அந்த 48,390 கோடியில் 1986-ம் வருஷத்து டெஸ்ட் ஆட்டத்துக்கு எத்தனை ரூபாய்? பந்தய ஒளிபரப்பின் விலையெல்லாம் முடிவு தெரியாத அந்தச் சில மணி நேரத்துக்கே. முடிவு தெரிந்து, ஆடியவர்களின் தலை நரைத்து, சிலர் மண்ணுலகை விட்டும் போன பிறகு, ஒரு ரசிகன் இலவசமாக அதைக் காட்டினால் யாருடைய கல்லாப் பெட்டி குறைகிறது? ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து ரசிகர் ஒருவர் பல்லாண்டுகளாகத் தம் வீட்டில் பதிந்த கிரிக்கெட் காட்சிகளை யூடியூப்பில் ஏற்றினார். உரிமையாளர்களின் புகாரால் பல காட்சிகள் நீக்கப்பட்டன. நீக்கியவர்கள் அந்த இடத்தில் தங்கள் பிரதியை வைத்தார்களா என்று பார்த்தால், அநேக ஆட்டங்களுக்கு வைக்கவில்லை. தானும் தின்னாமல் பிறரையும் தின்னவிடாமல் வைக்கோற்போரைக் காக்கும் நாயின் கதை நம் பாட்டிமாருக்கும் தெரியும்.

ஆகாய அலைகள் யாருடையவை என்பதும் யோசிக்கத்தக்கது. 1993-ம் வருஷத்தில் ஹீரோ கோப்பைப் பந்தயங்களை ஒளிபரப்பும் விஷயத்தில் வங்காளக் கிரிக்கெட் சங்கத்தாருக்கும் சர்க்காருக்கும் மூண்ட வழக்கில், 1995-ம் வருஷம் பிப்ரவரி மாதம் ஸுப்ரீம் கோர்ட்டார் அவை பொதுச் சொத்து என்றும், பொதுஜன நன்மைக்காகவே ஆளப்பட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பு வீட்டுப் பதிவுகளைப் பற்றியதன்று. அதை இழுத்து நம் கக்ஷிக்கு முட்டுக்கொடுப்பது வக்கீல் தந்திரமாகும். எனினும் அதன் அடிப்படைத் தத்துவம் நமக்குப் பொருந்தும். தேசிய முக்கியத்துவமுள்ள பந்தயங்களைத் தனிக் கம்பெனிகள் பிரஸார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று 2007-ம் வருஷத்தில் சட்டமே செய்திருக்கிறோம். ஆடும் வேளையில் ஏழைக்கும் காட்ட வேண்டும் என்று ஒப்புக்கொண்ட தேசம், ஆடி முடித்து ஒரு தலைமுறை கழிந்த பின் எவருக்கும் காட்டக்கூடாது என்று சொல்லலாமா?

இவ்வாறு நாம் வாதாடிக்கொண்டிருக்கையில் நாடாக்கள் நமக்காகக் காத்திரா. வீடியோ நாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின்மேல் காந்தத் துகளைப் பசை போன்ற ஒரு பொருளால் ஒட்டியது. ஈரக்காற்றில் அந்தப் பசை இளகிப் பிசுபிசுக்கும். கடலோரத்துச் சென்னையில் ஈரத்துக்குக் குறைவில்லை. மழைக்காலம் இரண்டு கழிந்தால் வெள்ளைப் பூஞ்சை படர்ந்துவிடும். நாடா நன்றாகவே இருந்தாலும் போடுவதற்கு யந்திரம் வேண்டாமா? வி.எச்.எஸ். யந்திரம் செய்துவந்த கடைசி ஜப்பானியக் கம்பெனியான பூனாய் 2016-ம் வருஷம் ஜூலை மாதத்தில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்று இருப்பவை பழைய யந்திரங்கள். அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களோ வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். 2019-ம் வருஷத்தில் யுனெஸ்கோ ஸ்தாபனத்தார் காந்த நாடாக்களைப் பற்றி உலகத்தாருக்கு அபாய அறிவிப்பே செய்தார்கள். 2025-ம் வருஷத்தை ஒட்டி யந்திரங்களும் கைத்திறனும் அருகிப்போம் என்பது நிபுணர்களின் கணிப்பு.

ஓலைச் சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஜாதி நாம். மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் ஊர் ஊராக, வீடு வீடாக, மடம் மடமாக அலைந்து, பரணிலும் மச்சிலும் கிடந்த ஏடுகளைத் திரட்டியிராவிடில், 1887-ம் வருஷத்தில் சிந்தாமணியும் 1894-ம் வருஷத்தில் புறநானூறும் அச்சேறியிருக்குமா? அவ்வேடுகளைக் காப்பாற்றி வைத்தது எந்த அரசாங்கமும் அன்று. தனி மனிதர்களின் வீடுகளும் மடங்களுமே. கிரிக்கெட்டைப் புறநானூற்றோடு ஒப்பிடுகிறாரே என்று பண்டிதர்கள் சினம் கொள்ளவேண்டாம். இரண்டின் மதிப்பும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. அழியும் வழி ஒன்றாயிருக்கிறது.

செய்யத்தக்கது என்ன? சட்டத்தில் ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. எவரும் அதில் நடக்கக் காணோம். 2012-ம் வருஷத்துத் திருத்தத்தால் காப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவில் ஓர் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. வியாபார நோக்கமில்லாத பொது நூலகம் ஒன்று, டிஜிட்டல் அல்லாத பிரதி தன்னிடம் இருக்குமானால், அப்படைப்பைப் பாதுகாப்பின் பொருட்டு மின்னணு முறையில் சேமித்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். 52-வது பிரிவில் குற்றமல்ல என்று சொன்னவை ஒளிபரப்பு விஷயத்திலும் குற்றமல்ல என்று 39-வது பிரிவே கூறுகிறது. விற்பதையும் வாடகைக்கு விடுவதையும் 37-வது பிரிவு தடுக்கிறதேயன்றி, காஸெட்டை நூலகத்துக்குத் தானமாகக் கொடுப்பதைத் தடுக்கவில்லை. இவற்றைச் சேர்த்துப் படித்தால், சொந்த உபயோகத்துக்காக ஒருவர் நியாயமாகப் பதிந்த நாடாவை அவர் பொது நூலகத்துக்குக் கொடுக்கலாம், நூலகம் அதைக் கம்ப்யூட்டரில் சேமிக்கலாம் என்பது நம் அபிப்பிராயம். கன்னிமாரா நூலகமும், 2010-ம் வருஷத்தில் கோட்டூர்புரத்தில் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும், ஜில்லா மைய நூலகங்களும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு நல்ல யந்திரமும், அதை ஓட்டத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் போதும். பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரக் கல் நாட்ட மந்திரிகள் வரவேண்டியதில்லை.

அச்சிட்ட புஸ்தகங்களுக்கு இந்த அக்கறை நமக்கு உண்டு. 1954-ம் வருஷத்துச் சட்டப்படி இத்தேசத்தில் பிரசுரமாகும் ஒவ்வொரு புஸ்தகத்தின் பிரதியும் கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் போய்ச்சேர வேண்டும். ஒளிபரப்புக்கு அப்படி ஏதுமில்லை. பிரெஞ்சு தேசத்தார் 1992-ம் வருஷத்திலேயே ரேடியோ, டெலிவிஷன் நிகழ்ச்சிகளையும் இந்தக் கட்டாயத்துக்குள் கொண்டுவந்து, அவற்றைக் காக்கும் பொறுப்பை ஐ.என்.ஏ. என்னும் பொது ஸ்தாபனத்திடம் ஒப்படைத்தார்கள். பிரான்ஸில் முடிந்தது இங்கே ஏன் முடியாது? நம் கிரிக்கெட் போர்டாரின் செல்வத்தில் ஒரு துளி இதற்குப் போதும். போர்டாருக்கு ஒரு வேண்டுகோளும் விடுக்கிறோம். 25 வருஷத்துக்கு முந்தின பந்தயங்களின் வீட்டுப் பதிவுகளை லாபநோக்கமின்றிப் பகிர்ந்துகொள்வோர்மேல் நடவடிக்கை எடுப்பதில்லை என்று ஒரு பக்கத்தில் அறிக்கை வெளியிடட்டும். அதனால் அவர்களுக்கு ஒரு சல்லியும் நஷ்டமில்லை.

இதற்கிடையில் நேயர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. பிலடெல்பியா நகரில் மேரியன் ஸ்டோக்ஸ் என்னும் மாது, யாரும் கேட்காமலே, 2012-ம் வருஷத்தில் இறக்கும்வரை முப்பது வருஷத்துக்கு மேல் டெலிவிஷன் செய்திகளை இரவும் பகலும் வீட்டில் பதிந்தார். ஏறக்குறைய 70,000 காஸெட்டுகள் சேர்ந்தன. உயிரோடிருந்தபோது அவரைப் பைத்தியம் என்றவர்களும் இருந்திருக்கலாம். இன்று அவை பொதுக் காப்பகம் ஒன்றின் பாதுகாப்பில் இருக்கின்றன. நம்மிடம் பத்துக் காஸெட்டே இருக்கட்டும். பூஞ்சை பிடித்ததை யந்திரத்தில் செருகவேண்டாம். நாடா மட்டுமன்றி யந்திரமும் கெடும், அடுத்துப் போடும் நாடாவுக்கும் அது தொற்றும். நல்லவற்றை முழுவதும் சுற்றி, புஸ்தகம்போல் நிமிர்த்தி, சமையலறைச் சுவருக்கும் தெருப்பக்கத்து ஜன்னலுக்கும் தூரமான அலமாரியில் வைக்கலாம். கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது விளம்பரங்களை வெட்டாமல் முழுவதையும் மாற்றி, ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள உறவினரிடம் கொடுத்துவைப்பது உத்தமம். உறைமேல் "மாட்ச்" என்று மட்டும் எழுதியிருப்பவர்கள், நினைவிருக்கும்போதே, எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் கோஷ்டிகள், எந்தச் சானல் என்பதை மையால் எழுதட்டும். காஸெட்டின் பின்விளிம்பில் ஒரு சிறு பிளாஸ்டிக் தகடு இருக்கும். அதை ஒடித்துவிட்டால், பேரனுடைய பிறந்தநாள் விழாவை அதன்மேல் யாரும் தவறிப் பதிந்துவிட முடியாது.